மூன்று ஜாடிகள்: உட்லண்ட்ஸ் வீடொன்றில் போட்ட காரக் காய்கறி ஊறுகாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், தீபாவளியை ஒட்டிப் போட்ட ஊறுகாய் பற்றிய பதிவு இது. மாமியார், மகன், மருமகள், தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பேரன் என வீட்டில் நால்வர். பெயரையும் புளோக் எண்ணையும் தவிர்த்திருக்கிறேன். எழுதச் சம்மதித்தவர்கள், எழுதியதை வாசித்தும் பார்த்தார்கள். நான் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மருமகள் எனக்குப் பழக்கம் என்பதால் விஷயம் என்னிடம் வந்தது.

மூன்று வகை ஊறுகாய் போட்டிருந்தார்கள். எந்த ஜாடியைப் பார்த்து வீடே பயந்ததோ, அதில் ஒரு கெடுதலும் இல்லை. எதை ஒருவரும் சந்தேகப்படவில்லையோ, அதைத்தான் முதலில் வீச வேண்டி வந்தது. வீட்டில் ஊறுகாய் போடுகிற எவருக்கும் இதே தலைகீழ்க் கணக்கு வரலாம் என்பதால் முழுதாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1980களில் திருமணமாகி இங்கே வந்தவர். ஊறுகாய் போடக் கற்றது ஊரில், தம் அம்மாவிடம். பங்குனி, சித்திரை வெயிலில் காயை உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, மொட்டைமாடியில் பாய் விரித்து இரண்டு மூன்று நாள் காயவைப்பார்கள். துண்டுகள் பாதியாகச் சுருண்ட பிறகு மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, வெந்தயப்பொடி, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் அடைத்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைப்பார்கள். உப்பு கைக்கணக்கு. “உப்பு தூக்கலா இருந்தாத்தான் ஊறுகாய் நிக்கும்” என்று அவருடைய அம்மா சொல்வாராம்.

சிங்கப்பூர் வந்த பிறகும் அவர் ஊறுகாய் போடுவதை விடவில்லை. ஆனால் இத்தனை வருடமும் போட்டது பெரும்பாலும் எலுமிச்சையும் மாங்காயும்தான். அவை ஒருதரம்கூடக் கெட்டதில்லை என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். புளிப்பை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-லிருந்து 2.5 வரை. புளிப்பு மாங்காயும் நல்ல அமிலம். உப்பில், வெயிலில் சற்றுக் குறை இருந்தாலும் பழத்தின் புளிப்பே காவல் இருந்துவிடும். கேரட், காலிஃபிளவர், பூண்டு எல்லாம் வேறு ரகம். அவற்றின் பிஎச் ஏறத்தாழ 5.5-லிருந்து 6.5 வரை. அவற்றுக்குச் சொந்தமாகப் புளிப்பு கிடையாது.

இந்தத் தடவை காய்கறி ஊறுகாய் போடலாம் என்ற யோசனை மருமகளுடையது. அலுவலகத் தோழிகள் ருசி பார்த்துவிட்டு, தீபாவளிக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும். தேக்கா ஈரச்சந்தையில் காய் வாங்கிவந்து செப்டம்பரில் வேலையைத் தொடங்கினார்கள்.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நுழைந்திருந்தது. மாமியாருக்கு இரத்தக் கொதிப்பு. பலதுறை மருந்தகத்தில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். மருமகள் அக்கறையோடு உப்பைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டார். குறைத்தது சரியான காரணத்துக்காகத்தான். உப்பு செய்துகொண்டிருந்த வேலையை இனி எது செய்யும் என்ற கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் தொகுதி

முதலாவது, கலவைக் காய்கறி: கேரட், காலிஃபிளவர், பீன்ஸ், இஞ்சி, பச்சை மிளகாய். நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி, காலையில் தாழ்வாரத்தில் தட்டுகளை வைத்தார்கள். மதியம் இடி மழை. தட்டுகளை உள்ளே இழுத்து மின்விசிறிக்கு அடியில் வைத்தார்கள். மறுநாளும் அதே கதை. மாலையில் தொட்டுப் பார்த்தபோது மேல்தோல் உலர்ந்த மாதிரி இருந்ததால், மசாலாவும் எண்ணெயும் கலந்து, கழுவித் துடைத்த பழைய ஜாம் போத்தல்களில் அடைத்து மூடியைத் திருகினார்கள். சிறிதளவு எலுமிச்சைச் சாறும் சேர்ந்தது. அளவு யாருக்கும் நினைவில்லை.

இரண்டாவது, முழுப் பூண்டும் சின்ன மிளகாயும் வினிகரில்.

மூன்றாவது, பூண்டும் பச்சை மிளகாயும் எண்ணெயில். கீறிய மிளகாயையும் உரித்த பூண்டையும் நல்லெண்ணெயில் லேசாக வதக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பூண்டு மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றி மூடி வைத்தார்கள். புளி, வினிகர், எலுமிச்சை எதுவும் இல்லை. தோசைக்குத் தொட்டுக்கொள்ள வசதியாக அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது.

கண்டவை

கலவைக் காய்கறி போத்தல்களில் மூன்றாம் நாளே மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. பக்கவாட்டில் சிறு குமிழிகள் ஏறின. ஐந்தாம் நாள் மருமகள் ஒரு மூடியைத் திறக்க, புஸ்ஸென்று காற்று வெளியேறிச் சிவப்பு எண்ணெய் அலமாரியில் வழிந்தது. காலிஃபிளவர் விரலால் அழுத்தினால் நசுங்கியது. எண்ணெய்க்கு மேலே துருத்திக்கொண்டிருந்த துண்டுகளில் வெள்ளைப் படலம். இரண்டு போத்தல்களில் அதோடு பச்சை நிறப் பூஞ்சையும் பிடித்திருந்தது.

பூண்டு வினிகர் நான்காம் நாள் நிறம் மாறத் தொடங்கி, ஒரு வாரத்தில் பற்கள் எல்லாம் மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையுமாக ஆகிவிட்டன. மாமியார் பயந்துபோனார். “களிம்பு ஏறிடுச்சு, யாரும் தொடாதீங்க” என்று எடுத்து ஒதுக்குப்புறமாக வைத்தார். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பை வைத்தால் களிம்பு பிடிக்கும், அது விஷம் என்று தெரிந்த தலைமுறை அது. அவர் பயத்தில் அர்த்தம் இருந்தது. ஆனால் இங்கே பயன்படுத்தியது எவர்சில்வர் பாத்திரமும் கண்ணாடி ஜாடியும்தான். செம்புக்கு வழியே இல்லை.

அன்று இரவு மருமகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். “அக்கா, பூண்டு பச்சையாயிடுச்சு. எல்லாத்தையும் கொட்டிடவா?”

என்னென்ன போட்டீர்கள், அலமாரியை முழுசாகப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். வந்த படத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் பூண்டு ஜாடி தெரிந்தது. குமிழி இல்லை, படலம் இல்லை, நிறமும் அப்படியே. அது என்ன என்றதற்கு, “அது நல்லாத்தான் இருக்குக்கா, வாசனைகூட மாறலை” என்று பதில் வந்தது. எத்தனை நாளாக வெளியே இருக்கிறது? பத்து நாள். யாராவது சாப்பிட்டார்களா? மகன், இரண்டு நாளைக்கு முன்பு, தோசையோடு.

மறுநாள் காலையில் வருகிறேன், அதுவரை அந்த ஜாடியை யாரும் திறக்க வேண்டாம் என்று சொன்னேன்.

முதல் முடிவு: எண்ணெய்ப் பூண்டு

இந்த ஜாடியை ருசிகூடப் பார்க்காமல் வீசினோம். காரணம் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர். அதன் வித்துகள் மண்ணில் இருப்பவை. மண்ணுக்குள் விளைகிற பூண்டில் அவை ஒட்டியிருப்பது சகஜம். அப்படியே இருந்தால் பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடம் கிடைத்தால்தான் முளைத்து, போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு காற்றில்லாத இடம். அமிலம் சேர்க்கவில்லை. சமையலறையோ 30 டிகிரி. அது கேட்கிற அத்தனையையும் நாமே செய்து கொடுத்த மாதிரி ஆகிறது.

வதக்கியதால் செத்திருக்காதா என்று மருமகள் கேட்டார். இந்த வித்துகளைக் கொல்ல அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வேண்டும். சாதாரணக் கொதிநிலை போதாது. எண்ணெய் எத்தனை சூடானாலும் பூண்டுக்குள் ஈரம் இருக்கும்வரை உள்ளே 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வதக்கியதில் மற்ற கிருமிகள் போய்விட்டன என்றால், இதற்குப் போட்டி குறைந்தது என்றுதான் பொருள்.

இது ஏட்டுப் பயம் இல்லை என்பதற்கு 1985-ஐச் சொன்னேன். கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் பயன்படுத்தியதால் 36 பேர் போட்டுலிசத்துக்கு ஆளானார்கள். 1989-ல் நியூயார்க் மாநிலத்திலும் எண்ணெய்ப் பூண்டால் மூவர் நோயுற்றார்கள். அதன் பிறகுதான் அமெரிக்காவில், எண்ணெய்ப் பூண்டு விற்பவர்கள் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்ற நிலை வந்தது.

மாமியாருக்கு மனசே இல்லை. “ஏம்மா, நல்லெண்ணெய் விக்கிற விலைக்கு… ஒரு கொதி விட்டு வெச்சுக்கக் கூடாதா?” என்றார். நியாயமான கேள்விதான். உண்டாகியிருக்கும் நச்சு கொதிக்கவைத்தால் அழியும், வித்துகள் அழியாது. மறுபடி அதே இடத்தில் வைத்தால் மறுபடி முளைக்கும். ஜாடிக்குள் ஒவ்வொரு துண்டும் ஒழுங்காகச் சூடானதா என்று வீட்டில் பார்க்கவும் வழியில்லை. சில வெள்ளி எண்ணெய்க்காக எடுக்கிற துணிச்சல் இல்லை இது என்று சொன்னதும் சரி என்றார்.

மூடியைத் திறக்காமல் இரண்டு பைகளில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்தோம். கழுவு தொட்டியில் கொட்டவில்லை. ஜாடி இருந்த இடத்தைக் குளோரின் கரைசலால் துடைத்தோம்.

மகன் சாப்பிட்டது பற்றி இன்னும் கவலை இருந்தது. அறிகுறி பெரும்பாலும் 12-லிருந்து 36 மணி நேரத்துக்குள் வரும். சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை சரிவது, நாக்குக் குழறுவது, விழுங்கச் சிரமப்படுவது, பிறகு கை கால் தளர்வது. காய்ச்சல் பொதுவாக இருக்காது. இதில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், எண்ணெய்ப் பூண்டு சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஜாடியில் நச்சு இருந்ததா என்று நாங்கள் பரிசோதிக்கவில்லை. இருந்தது என்று நான் சொல்லவும் மாட்டேன். இருந்திருந்தாலும் அது அப்படியேதான் மணத்திருக்கும், அப்படியேதான் பளபளத்திருக்கும் என்பதற்காகத்தான் வீசினோம்.

இரண்டாவது முடிவு: நிறம் மாறிய பூண்டு

இதை வைத்துக்கொண்டோம். வீசுவதற்குச் சம்மதம் வாங்கியதைவிட இதை வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கத்தான் நேரம் பிடித்தது.

பூண்டின் செல்கள் அமிலத்தில் உடையும்போது அதிலுள்ள கந்தகச் சேர்மங்களும் நொதியும் கலந்து, அமினோ அமிலங்களோடு சேர்ந்து நீலப் பச்சை நிறமிகளை உண்டாக்குகின்றன. குளிர்ந்த கிடங்கில் இருந்து வந்த பூண்டில் இது அதிகம். இதனால் கேடு கிடையாது. பூண்டை வினிகரில் போடுவதற்கு முன் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் நொதி அடங்கி, நிறம் ஓரளவு வெள்ளையாகவே நிற்கும்.

சொன்னால் மட்டும் போதாது என்று, இரண்டு பற்களை நசுக்கி பிஎச் மானியில் காட்டினேன். 3.5. பொட்டுலினம் வளர முடியாத எல்லை 4.6. அதற்கு வெகு கீழே இருந்தது. ஆனாலும் மாமியார் மனம் மாறியது எண்ணைப் பார்த்து இல்லை. எதிர்வீட்டில் வட சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கைச்சாடையிலும் பேத்தியின் மொழிபெயர்ப்பிலும், எங்கள் ஊரில் சீனப் புத்தாண்டுக்கு முன்பு இப்படிப் பச்சையாக வரவேண்டும் என்றே பூண்டை வினிகரில் போடுவோம் என்றார். லாபா பூண்டு என்பார்கள். அங்கே மாவுக் கொழுக்கட்டையோடு சாப்பிடுவார்கள். அன்று மத்தியானமே மாமியார் ஒரு பல்லைத் தயிர்சாதத்தோடு கடித்துப் பார்த்தார்.

மூன்றாவது முடிவு: கலவைக் காய்கறி

பூஞ்சை பிடித்த இரண்டு போத்தல்களை வீசுவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. மற்றவற்றில்தான் யோசனை. குமிழி வருவது தானே கெடுதல் இல்லை. உப்பில் ஊறும் காயில் லாக்டிக் அமிலக் கிருமிகள் வளரும்போது கரியமில வாயு வரும், அமிலமும் ஏறும். கிம்ச்சி அப்படித்தான் புளிக்கிறது. ஆனால் அங்கே காய் உப்புநீரில் மூழ்கியிருக்கும். இங்கே பாதி எண்ணெயில், பாதி காற்றில். வெள்ளைப் படலமாகத் தெரிந்த ஈஸ்ட் தனியாக ஆளைக் கொல்லாது. ஆனால் அமிலத்தைத் தின்று பிஎச்சை ஏற்றிவிடும். அப்புறம் பூஞ்சைக்கு வழி திறக்கும்.

அளந்தபோது அதுதான் தெரிந்தது. ஒரே போத்தலின் அடியில் 4.1, மேல் துண்டில் 4.8. இதை அளக்கும் விதம் முக்கியம். பிஎச் தாளை நேராக நனைத்தால் மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும் ஏறி எந்த நிறமும் படிக்க முடியாது. மானியின் முனையில் எண்ணெய் படிந்தாலும் எண் தவறும். துண்டுகளை வடித்து, எண்ணெயை ஒற்றியெடுத்து, அரைத்த விழுதில் அளந்தோம். மானியை, பிஎச் முன்பே தெரிந்த 4.01, 7.00 கரைசல்களில் முதலில் சரிபார்த்துக்கொண்டோம்.

ஒரே போத்தலுக்குள் இப்படி வேறுபட்டால், எந்தத் துண்டு எத்தனை நாள் 4.6-க்கு மேலே இருந்தது என்று சொல்ல முடியாது. அதனால் முழுவதையும் வீச முடிவெடுத்தோம். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் உழைப்பும் தேக்கா காயும் வீணானதில் எனக்கும் வருத்தம்தான்.

ஏன் இப்படி ஆனது

பிற்பகலில் அவரையே கூப்பிட்டு, “உங்க அம்மா போடுற மாதிரி ஒரு கிலோ காய்க்கு உப்பு அள்ளிப் போடுங்கம்மா” என்று கேட்டு, தராசில் நிறுத்தோம். 110 கிராம். இந்தத் தடவை போட்டது 45 கிராம் என்று மருமகள் சொன்னார்.

ஆனால் உண்மையான வித்தியாசம் அதைவிடப் பெரியது. ஊறுகாயைக் காப்பது காயில் மிச்சமிருக்கிற தண்ணீருக்கு எத்தனை பங்கு உப்பு என்பதுதான். ஒரு கிலோ காயில் சுமார் 900 கிராம் தண்ணீர். ஊர் வெயிலில் எடை பாதியானால் 400 கிராம் தண்ணீர் மிஞ்சும். 110 கிராம் உப்போடு அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பான கரைசல். அதில் எந்தக் கிருமியும் எளிதில் தலையெடுக்காது. இங்கே அதே மாதிரி தாழ்வாரத்தில் வைத்து எடை பார்த்தோம். ஒரு கிலோ 880 கிராமில் நின்றது. 45 கிராம் உப்பு 780 கிராம் தண்ணீரில் கரைந்தால் பதினெட்டில் ஒரு பங்கு. பொட்டுலினத்தை உப்பால் மட்டுமே தடுக்க சுமார் 10 விழுக்காடு வேண்டும், இது ஐந்தரை.

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். பகலில் உலர்ந்ததை இரவு திரும்ப ஈரமாக்கிவிடும். வேடு கட்டிய ஜாடியில் ஆவி வெளியேறும். திருகுமூடியில் அது துளியாகித் திரும்பக் காய்மேலே விழும். அந்த அம்மாவின் கைக்கணக்கில் பிழையே இல்லை. அந்தக் கணக்கில் பாதி வேலையைக் கும்பகோணத்து வெயில் செய்துகொண்டிருந்தது.

மறுபடி போட்டது

வெயில் கிடையாது, உப்பை ஏற்றினால் இரத்தக் கொதிப்பு. மிஞ்சுவது புளிப்பும் குளிரும். இந்த இரண்டையும் அளந்து பயன்படுத்தலாம் என்று சொன்னேன். வினிகர் சேர்த்தால் ருசி மாறிவிடும் என்பது மாமியாரின் தயக்கம். மாறத்தான் செய்யும். அதை மறைக்காமல் சொல்லி, ஒரே ஒரு கிலோவில் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

இங்கே அச்சார் போடுகிறவர்கள் காயை வினிகர் கலந்த நீரில் வெந்தும் வேகாமலும் எடுத்துத் துணியில் பிழிவார்கள். அந்த வழியை எடுத்துக்கொண்டோம். 5 விழுக்காடு அமிலம் என்று முகப்பில் போட்ட வினிகரும் தண்ணீரும் சரிபாதி. கொதி வந்ததும் காயைப் போட்டு ஒரு நிமிடத்தில் எடுத்து, வெள்ளைத் துணியில் முறுக்கிப் பிழிந்து, மின்விசிறியில் ஈரம் போக்கினோம். முறுக்குகிற வேலையை மாமியார் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் முறுக்கில் சொட்டு நின்றதும், மூன்றாவதாக ஒரு முறுக்கு முறுக்கி இன்னும் கால் கிண்ணம் நீர் எடுத்தார்.

பிழிந்த காய் ஒரு கிலோவுக்கு உப்பு 50 கிராம், மிளகாய்த்தூள் 45, கடுகுப்பொடி 30, வறுத்த வெந்தயப்பொடி 5, மஞ்சள்தூள் 5, பெருங்காயம் கொஞ்சம், வினிகர் 250 மில்லி. கலந்து ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். உள்ளே வரை புளிப்பு இறங்க நேரம் வேண்டும். சாற்றை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். மறுநாள் துண்டுகளை அரைத்து அளந்தபோது 3.8. நான் வைத்துக்கொண்ட எல்லை 4.0. அதற்குப் பிறகுதான் காய்ச்சி முழுதாக ஆறிய நல்லெண்ணெய் 150 மில்லி சேர்ந்தது. எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் அது காயைச் சுற்றிக்கொண்டு புளிப்பு உள்ளே போவதைத் தாமதமாக்கும், அளப்பதையும் கெடுக்கும்.

உப்பு மொத்தத்தில் சுமார் 3.3 விழுக்காடு. பத்து கிராம் ஊறுகாயில் மூன்றில் ஒரு கிராம் உப்பு. ஊர் முறையில் அதே பத்து கிராமில் ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டியவருக்கு இது பெரிய வித்தியாசம். மருமகள் விரும்பிய உப்புக் குறைப்பு இப்போது ஆபத்தில்லாமல் கிடைத்தது.

எண்ணெய்ப் பூண்டுக்கு வேறு வழி வைத்தோம். தோசைக்கு வேண்டும் என்றால் கொஞ்சமாகச் செய்து, குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்க்க வேண்டும். ஜாடியில் வைக்க ஆசையென்றால் பூண்டையும் மிளகாயையும் முதலில் வினிகரில் ஊறவைத்து, அளந்த பிறகே எண்ணெய்.

பேரன் தன் பங்குக்குக் கேரட்டையும் மிளகாயையும் 3 விழுக்காடு உப்புநீரில், சிறு கண்ணாடிக் கிண்ணத்தால் அழுத்தி மூழ்கவைத்தான். நான்கு நாளில் பிஎச் 3.7. அதிலும் குமிழி பொங்கியது; பாட்டி பார்த்துவிட்டு “இது மட்டும் எப்படி நல்லதாம்?” என்று கேட்டார். மூழ்கியிருக்கிறது பாட்டி, அளந்தும் பார்த்தேன் என்று பேரனே விளக்கினான்.

பின்பு நடந்தது

ஒரு கிலோ சரியாக வந்ததும், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அதே கணக்கில் இன்னும் போட்டார்கள். 200 கிராம் பிடிக்கும் சின்னப் போத்தல்களில் அடைத்து, போட்ட தேதியும் ‘குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும்’ என்ற வரியும் ஒட்டினார்கள். பழைய ஜாம் மூடிகளின் உள்ளே வினிகரால் துரு ஏறியிருந்ததால் அவற்றைத் தூக்கிப்போட்டாயிற்று.

விற்பனையை இந்த வருடம் தள்ளிவைத்தார்கள். வீவக வீட்டிலிருந்து சிறிய அளவில் உணவு செய்து விற்கச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால் விற்ற உணவால் ஒருவருக்குக் கேடு வந்தால் பொறுப்பு விற்றவருடையதுதான். ஒரே ஒரு வெற்றித் தொகுதியை நம்பிக் காசு வாங்க வேண்டாம் என்று நான் சொன்னேன். மருமகள் அதற்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தார். தோழிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

ஜூரோங்கில் இருக்கும் ஓர் உறவினர், ஒட்டியிருந்த வரியைப் படிக்காமல் போத்தலைச் சாப்பாட்டு மேசையிலேயே மூன்று வாரம் வைத்துவிட்டார். கேட்டு வாங்கி அளந்தோம். 3.8-லேயே நின்றது. பூஞ்சை இல்லை. காலிஃபிளவர் மட்டும் தளர்ந்திருந்தது. மாமியார் அந்தப் போத்தலைக் கையில் வைத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரம், கடுகு வாசம் எல்லாம் ஊர் மாதிரியே இருக்கிறது, புளிப்புதான் ஒரு பிடி கூட என்பது அவர் தீர்ப்பு. அடுத்த தொகுதியில் வினிகரில் ஒரு பங்கை எலுமிச்சைச் சாறாக மாற்றியதும் அந்தக் குறையும் கொஞ்சம் தீர்ந்தது. மாற்றிய தொகுதியையும் அளந்துதான் எடுத்தார்கள்.

மாற்ற வேண்டியவை

உப்பைக் குறைக்கிற அன்றே அதற்கு ஈடு என்ன என்று கேட்டிருந்தால் முதல் தொகுதி தப்பியிருக்கும். மருந்தகத்தில் உப்பைக் குறை என்று சொல்வது சாப்பிடும் உப்பைப் பற்றி. ஊறுகாய் நிற்பதற்கான உப்பு வேறு கணக்கு. நம் வீடுகளில் நிறையப் பேர் இப்போது உப்பைக் குறைத்துக்கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தராசும் பிஎச் மானியும் முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். வீணான காய், எண்ணெய் விலையில் இரண்டும் கிடைத்திருக்கும். புது வகைக் காய் எதையும் முதலில் ஒரு கிலோவுக்கு மேல் போடக் கூடாது. வினிகர் போத்தலில் அமில அளவு அச்சடிக்காவிட்டால் அதை ஊறுகாய்க்கு எடுக்கக் கூடாது.

கொடுக்கும்போதே வாயால் ஒருதரம் சொல்லியாக வேண்டும். ஒட்டிய தாளை யாரும் படிப்பதில்லை என்பதை ஜூரோங் போத்தல் காட்டிவிட்டது. அது புளிப்பான ஊறுகாய் என்பதால் தப்பித்தது. எண்ணெய்ப் பூண்டாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டேன்.

மார்ச்சில் தேக்காவுக்கு மாவடு வரும். அதைப் பழைய முறையில் உப்பிலேயே போட வேண்டும் என்று மாமியார் உறுதியாக இருக்கிறார். மாவடு புளிப்புள்ள காய். அதற்கு நான் தடை சொல்லவில்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் உப்பு என்று மருமகள் நிறுத்து எழுதிக்கொள்வார், வடு சுருங்கி நீர் விட்டதும் அந்த நீரின் பிஎச்சைப் பேரன் அளப்பான் என்று பேசி வைத்திருக்கிறார்கள். மாமியாரின் தட்டுக்கு மட்டும் ஒரு வேளைக்கு ஒரு வடு.